வெள்ளித் துணியில் ஊற்றிய தண்ணீர்

பட்டாசு ஊர்களில் தைரியசாலிக்கு மரியாதை கிடையாது. அப்படிப்பட்டவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்க்க யாருக்கும் பிரியம் இருக்காது. பயப்படுகிற ஆளைத்தான் தேடிப்பிடித்து வேலைக்கு வைப்பார்கள். அந்த வகையில் தாயில்பட்டி வட்டாரத்தில் சங்கையாவை மிஞ்ச ஆள் இல்லை. பட்டாசு மருந்து கலக்குகிற வேலையிலேயே தலை நரைத்துப்போனவர். உடம்பில் ஒரு தீத்தழும்பு கிடையாது. 'பயந்தாங்கொள்ளி சங்கையா' என்று கம்பெனியில் கேலி பேசுவார்கள். ஆனால் அவர் லீவு போட்ட அன்றைக்குக் கேலி பேசியவர்கள் முகத்தில் ஈ ஆடாது. இன்றைக்கு மருந்து கலந்தது யார் என்று விசாரித்துவிட்டுத்தான் வேலையில் கை வைப்பார்கள்.

அவருடைய பயத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. காலையில் கம்பெனி கேட்டுக்குள் நுழைந்ததும் வானத்தைப் பார்ப்பார். மேகம் திரண்டிருந்தால் முதலாளியே வந்து நின்றாலும் கலவையில் இறங்க மாட்டார். மருந்து அறைக்குள் போகுமுன் கையைப் பருத்தித் துணியால் துடைப்பார். விரலிடுக்கில் வேர்வை இருந்தால் மறுபடியும் துடைப்பார். தீப்பிடித்தால் ஊற்றுவதற்கென்று வாசலில் பெரிய டிரம்மில் தண்ணீர் நிறைத்து வைத்திருப்பார்கள். அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு அறைக்குள் வந்துவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கறாராக இருப்பார். கால் கழுவியவன் ஈரப் பாதத்தோடு நுழைந்தால், சாதுவான அந்த மனிதர் வாயில் வராத வார்த்தை எல்லாம் வரும்.

அதற்குக் காரணம் இருக்கிறது. அலுமினியப் பவுடர் சேர்ந்த மருந்தில் ஈரம் பட்டால், வெளியே பார்க்க அது சும்மாதான் கிடக்கும். உள்ளுக்குள்ளே சூடேறும். நமக்குத் தெரிய வரும்போது ஓடுவதற்கு நேரம் இருக்காது. அதனால் கலந்து வைத்த மருந்தின் மேல் சங்கையா அவ்வப்போது புறங்கையைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்ப்பார். இம்மி வெதுவெதுப்புத் தட்டினாலும் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, தானே தட்டைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பொட்டலில் தனியாக வைத்துவிட்டு, தள்ளி உட்கார்ந்து காவல் இருப்பார். ஒரு சீசனில் லோடு ஏற்ற லாரி வந்து நிற்கிறது. இவர் வெயிலில் உட்கார்ந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முதலாளி தாம்தூம் என்று குதித்தார். சங்கையா எழுந்திருக்கவில்லை. மத்தியானம் திரும்பியதும் தட்டிலிருந்து புகை கிளம்பியது. அடுத்த நிமிடம் ஆளுயரத்துக்குத் தீ. அதற்குப் பிறகு முதலாளி அவரிடம் குரல் உயர்த்திப் பேசியதில்லை.

இப்பேர்ப்பட்டவருக்கு மனைவியாக வாய்த்த மாரிசெல்விக்கோ பயம் என்பது எந்தக் கடையில் கிடைக்கும் என்றே தெரியாது. அதே கம்பெனியில் திரி அறையில் வேலை. கை வேகமும் வாய் வேகமும் போட்டி போடும். பெட்ரோல் டேங்கைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு என்னால் ஓட்ட முடியாது என்று சங்கையா கையை விரித்துவிட்டதால், வீட்டிலிருந்த எக்ஸெல் வண்டியை ஓட்டுவது அவள்தான். தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு அவர் பின்னால் உட்கார்ந்திருப்பார். ஊரே சிரிக்கும். சிரிக்கிறவர்களைப் பார்த்து அவள் இன்னும் கொஞ்சம் முறுக்குவாள். பின்னால் இருப்பவர் கண்ணை மூடிக்கொள்வார்.

ஒரு நாள் அவள் கையிலிருந்த திரிக்கட்டு பற்றிக்கொண்டது. உரசல்தான், அதற்கு மேல் காரணம் தேடிப் பயனில்லை. உதறி எறிந்திருந்தால் அவள் தப்பித்திருப்பாள். சுற்றிலும் பெண்கள், அவர்கள் மடியிலெல்லாம் திரி. எறியவில்லை. எரிகிற திரிக்கட்டை வலது கையில் பிடித்தபடியே வெளியே ஓடி மணல் குவியலில் செருகினாள். திரி அறையில் வேறு யாருக்கும் ஒரு முடிகூடக் கருகவில்லை. அவளுடைய வலது கைதான், விரல் நுனியிலிருந்து மணிக்கட்டுவரை வெந்துபோனது.

விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முதல் சில நாள் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. பிறகு காய்ச்சல் வந்தது. கட்டைப் பிரித்தால் பச்சை கலந்த சீழ்; கிட்டத்தில் நிற்க முடியாத ஒரு வாடை. ஊசியை மாற்றிப் பார்த்தார்கள். அதைவிடப் பெரிய ஊசி போட்டுப் பார்த்தார்கள். அசையவில்லை. வாய் ஓயாத மாரிசெல்வி கண்ணைத் திறக்கவே சலித்துக்கொண்டு கிடந்தாள்.

தீக்காயப் பிரிவின் டாக்டர் கீர்த்திகா சங்கையாவை அறைக்கு வெளியே கூப்பிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"ஐயா, இந்தக் கிருமி நாங்க போடுற மருந்துக்கெல்லாம் பழகிப்போச்சு. இது மேல ஏறி ரத்தத்துல கலந்துட்டா உயிருக்கே ஆபத்து. அதுக்கு முன்னால மணிக்கட்டோட கையை எடுக்க வேண்டியிருக்கும்."

சங்கையா கதவு வழியாக உள்ளே அவளைப் பார்த்தார். அவள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றுவதும், சண்டையில் கையை நீட்டி நீட்டிப் பேசுவதும், வண்டியை முறுக்குவதும் கண் முன்னால் வந்து போயின. கை இல்லாத மாரிசெல்வியை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"வேற வழியே இல்லையா டாக்டரம்மா?"

"ஒண்ணு பாக்கி இருக்கு. வெள்ளி ஏத்தின துணி. ஊசிக்குப் பழகின கிருமிகூட வெள்ளிக்குத் தாக்குப்பிடிக்கிறது கஷ்டம். கட்டிப் பார்ப்போம். கேக்குதான்னு அடுத்த தடவை கட்டுப் பிரிக்கிறப்போ தெரிஞ்சிடும்."

கட்டுப் போட வந்த நர்ஸ் வேல்விழி காரியாபட்டிக்காரி. விவசாயக் குடும்பத்துப் பெண்; பட்டாசுக் கம்பெனியை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. நோயாளிக்கும் கூட இருப்பவர்களுக்கும் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டும் என்பதில் அவளுக்கு ஆசை அதிகம். புண்ணைச் சுத்தம் செய்து, உறையைப் பிரித்து, சாம்பல் நீலத்தில் பளபளத்த ஒரு துணியை எடுத்தாள். அந்தப் பளபளப்பைப் பார்த்ததும் சங்கையா ஓரடி பின்னால் நகர்ந்தார். கம்பெனி மூட்டையின் வாய்விளிம்பில் ஒட்டியிருக்கும் பவுடரும் ஏறக்குறைய அப்படித்தான் மினுங்கும்.

"இதுல என்னத்தத் தாயி தடவியிருக்காக?"

"வெள்ளிதாண்ணே. நம்ம காலுல போடுற கொலுசு வெள்ளிதான். அதைப் பொடிப்பொடியாக்கித் துணியில ஏத்தியிருக்காக. ஒரு தலைமுடி இருக்குல்ல, அதோட கனத்துக்குள்ள இந்தத் துணுக்கு ஆயிரக்கணக்குல வரிசை கட்டி நிக்கும். அம்புட்டுப் பொடி!"

"அம்புட்டுப் பொடியாவா?"

"பொடியா இருக்க இருக்கத்தான் அதுக்கு வேகம் அதிகம். ஆனா ஒண்ணு, ஈரம் பட்டாத்தான் அது வேலையைக் காட்ட ஆரம்பிக்கும். இந்தா இந்த பாட்டில்ல இருக்கிற டிஸ்டில் வாட்டரை, காலையில, மத்தியானம், சாயங்காலம் மூணு வேளையும் இந்த சிரிஞ்சால எடுத்துக் கட்டு மேல விடணும். வேற தண்ணி கூடாது. நாங்க இருக்கிறது ரெண்டு பேரு, எல்லாக் கட்டிலுக்கும் ஓடணும். நீங்கதாண்ணே பாத்துக்கிடணும்."

வேல்விழி நல்ல மனசோடு சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சங்கையாவின் தலையில் இடியாக இறங்கியது. பொடியாக இருக்க இருக்க வேகம் அதிகம். ஈரம் பட்டால் வேலையைக் காட்டும். புதிதாக வேலைக்கு வருகிற ஆட்களுக்கு மருந்து அறை வாசலில் நிறுத்தி அவர் சொல்லிக்கொடுக்கிற பாடமே இதுதான். அதையே ஒருத்தி சிரித்த முகத்தோடு சொல்லி, மாரிசெல்வியின் வெந்த கையில் சுற்றிவிட்டு, தண்ணீர் பாட்டிலையும் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போகிறாள்.

அவர் எதிர்த்துப் பேசவில்லை. படித்தவர்களோடு சண்டை போட்டால் கட்டையே அவிழ்த்துவிடுவார்களோ, வேறு ஆஸ்பத்திரிக்குப் போ என்பார்களோ என்று ஒரு பயம். சரி தாயி, சரி தாயி என்று தலையாட்டினார். காலையில் சிரிஞ்சில் தண்ணீரை எடுத்து, கட்டிலோரம் நின்று, வராந்தாவைப் பார்த்தார். யாரும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே தொட்டியில் இருந்த குரோட்டன் செடியில் பீய்ச்சினார். மத்தியானமும் செடிக்குத்தான். பாட்டில் ஒழுங்காகக் காலியாகிக்கொண்டு வந்தது. பார்த்த வேல்விழிக்கு மனசு குளிர்ந்தது.

அதோடு நிறுத்தினாரா? அந்தக் கையைக் காயப்போடுவதில் முழுமூச்சாக இறங்கிவிட்டார். அட்டை விசிறியால் மணிக்கணக்காக விசிறினார். மாரிசெல்வியின் கழுத்து வேர்வை கைப்பக்கம் இறங்காமல் துடைத்துக்கொண்டே இருந்தார். கஞ்சி கொடுக்கும்போது டம்ளரை இடது பக்கமாகவே கொண்டுபோனார். ஒரு சாயங்காலம் தூற்றல் போட்டு ஜன்னல் வழியே சாரல் அடித்தது. மனிதர் பதறிப்போய்க் கட்டிலையே இழுத்துச் சுவரோரம் போட்டார். பக்கத்துக் கட்டிலுக்காரர்கள், பெண்டாட்டியை இப்படித் தாங்குகிற ஆளை இந்தப் பக்கம் பார்த்ததில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அவர் தெரிந்த மட்டும் தாங்கினார். தெரிந்ததே அங்கே எமனாக வந்து உட்கார்ந்திருந்தது.

கட்டுப் பிரிக்கிற நாளில் வாடை குறையவில்லை. பச்சை அப்படியே இருந்தது. மணிக்கட்டைத் தாண்டிச் சிவப்பு மேலே ஏறியிருந்தது. டாக்டர் கீர்த்திகா நிமிர்ந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே சங்கையாவுக்குப் புரிந்துவிட்டது.

"இதுக்கும் அடங்கலய்யா. இனிமே தள்ளிப்போட முடியாது. ஆபரேஷனுக்கு ஏற்பாடு பண்றேன்."

வேல்விழி மட்டும் கழற்றிய துணியைத் தட்டில் போடாமல் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது ஈரமாகத் துவண்டிருக்க வேண்டும். சுட்ட அப்பளம் கணக்காக மொறமொறத்தது. புண் பட்ட பக்கத்தைத் தவிர எங்கேயும் ஈரத்தின் சுவடு இல்லை.

"அண்ணே, தண்ணி விட்டீகளா இல்லையா?"

நேருக்கு நேர் கேட்டால் பொய் சொல்ல வராத மனிதர் அவர். "விடல தாயி" என்றார்.

"பாட்டில் காலியாகியிருக்கே?"

"அந்தா... அந்தச் செடிக்கு ஊத்திட்டேன்."

வேல்விழிக்குக் கோபம் தலைக்கேறியது. "உங்க பொண்டாட்டி கையை வெட்டப் போறாக அண்ணே! இங்கன நான் கரடியாக் கத்திட்டுப் போறேன், நீங்க செடிக்கா ஊத்துனீக? என்ன மனுசன் நீங்க!"

"பவுடர்ல ஈரம் படலாமா தாயி?" சங்கையாவின் குரல் உடைந்தது. "நான் மருந்து கலக்குறவன். முடியைவிடப் பொடின்னு நீங்கதான சொன்னீக? பொடியா இருந்தா வேகம்னு சொன்னீகல்ல? அதுல தண்ணிய ஊத்தச் சொன்னா நான் எப்படி ஊத்துவேன்? அவ கையில ஒருக்கப் பத்துனது போதாதா? நானே ரெண்டாந்தரம் பத்த வைக்கணுமா?"

வேல்விழி துணியைத் தட்டில் வைத்தாள். இறங்கின குரலில் கேட்டாள். "வெள்ளி பத்துமா அண்ணே? கொலுசோட குளிக்கலையா நாம? எங்கயாவது கொலுசு எரிஞ்சு பாத்திருக்கீகளா?"

"அலுமினியச் சட்டியில தினம் சோறு பொங்குறோமே, அதுவும்தான் எரியல. கட்டியா இருக்கிறவரைக்கும் சாது. பொடியாக்கினா அதோட புத்தி மாறிப்போகும்."

டாக்டர் கீர்த்திகா ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தார்.

"ஐயா, அலுமினியத்துக்கு நீங்க சொல்றது ரொம்பச் சரி. பொடியாக்கினா புத்தி மாறும்னு சொன்னீங்களே, வெள்ளிக்கும் மாறத்தான் செய்யுது. ஆனா வேற மாதிரி மாறுது. வெள்ளி தண்ணியோட சண்டைக்குப் போகாது, சூடேறாது. ஈரத்துல கொஞ்சம் கொஞ்சமாக் கரைஞ்சு இறங்கும். இறங்கி, கிருமியோட தோலை ஓட்டை போட்டு உள்ள பூந்து, அது மூச்சு விடாம, குட்டி போடாமப் பண்ணிடும். பொடியா இருக்கிறதாலதான் அவ்வளவு சுருக்கா இறங்குது. காய்ஞ்சு கெடந்தா துணியை விட்டு அது கீழ இறங்கவே இறங்காது. இத்தனை நாளும் உங்க வீட்டம்மா கையில அது சும்மாதான் இருந்திருக்கு."

"அப்போ... அதை வேலை செய்யவிடாமக் கெடுத்தது நானா?"

டாக்டர் எழுந்தார். நோயாளியின் காய்ச்சலைப் பார்த்தார், மேலே ஏறியிருந்த சிவப்பைப் பேனாவால் கோடு போட்டுக் குறித்தார். "இன்னொரு துணி கட்டுறேன். திங்கட்கிழமை காலையில பிரிப்பேன். இந்தக் கோட்டை அதுக்கு முன்னால தாண்டிச்சின்னா உடனே ஆபரேஷன்தான். நீங்க ஊத்துறீங்களா, இல்லை நான் வேற ஆளைப் போடட்டுமா?"

சங்கையா மாரிசெல்வியைப் பார்த்தார். கண்ணை மூடிக் கிடந்தாள். பிறகு வேல்விழியிடம் கையை நீட்டினார்.

"தாயி, அந்தத் துணியில ஒரு துண்டு வெட்டிக் குடுங்க. முதல்ல என் கையில பாத்துட்டு வாரேன்."

துணியை அளவு வெட்டியதில் மீந்த துண்டை வேல்விழி கொடுத்தாள். சங்கையா அதை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பின்புறம் போனார். வண்டிகள் நிற்கிற இடம் சரிப்படாது, பெட்ரோல். ஆக்ஸிஜன் சிலிண்டர் அடுக்கிய கொட்டகையைப் பார்த்ததும் எதிர்த்திசையில் திரும்பினார். சுற்றுச்சுவரோரம் ஒரு வெற்றுத்தரை இருந்தது. மரம் இல்லை, சருகு இல்லை. நட்டநடு வெயிலில் அங்கே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இடது மணிக்கட்டில் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டு, கையை உடம்பிலிருந்து எட்டுகிற மட்டும் நீட்டி, வலது கையால் தண்ணீரை விட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக உலோகப் பொடியின் மேல் தெரிந்தே தண்ணீர் ஊற்றியிருக்கிறார். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

ஒன்றும் நடக்கவில்லை.

உடனே எழுந்து வருகிற ஆளா அவர்? முதலில் எல்லாம் அப்படித்தான் இருக்கும். சூடு பிறகுதான் ஏறும். உட்கார்ந்தே இருந்தார். குடையோடு வந்த வேல்விழியைக் கிட்டத்தில் வரவிடவில்லை. "தள்ளி நில்லுங்க தாயி. இன்னும் தள்ளி." வாட்ச்மேன் வந்து என்னய்யா என்று கேட்டான். யாரோ ஓர் இளவட்டம், வேண்டுதல் என்று நினைத்தானோ என்னவோ, செல்லை எடுத்துப் படம் பிடிக்க வந்தான். "ஏலே, அந்தச் செல்லை அணைச்சுட்டு ஓடுலே!" என்று சங்கையா போட்ட சத்தத்தில் வாட்ச்மேனும் சேர்ந்து பின்வாங்கினான். நீட்டிய கை வலித்தது. கீழே போடவில்லை. துணி காய்கிற மாதிரித் தெரிந்தால் மறுபடி தண்ணீர் விட்டார். அடிக்கடி வலது புறங்கையைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

மனிதர்களில் எத்தனை பேர் தங்களுடைய தவற்றை இப்படி வெயிலில் உட்கார்ந்து, சொந்தத் தோலில் வைத்துச் சோதித்துப் பார்ப்பார்கள்? டாக்டர் சொல்லிவிட்டார் என்று கண்ணை மூடிக்கொண்டு ஊற்றியிருக்கலாம். இல்லை, என் கொள்கை என் கொள்கைதான் என்று வீம்பு பிடித்திருக்கலாம். சங்கையா இரண்டையும் செய்யவில்லை. மருந்துத் தட்டுக்குக் கொடுக்கிற மரியாதையை அந்த வெள்ளித் துணிக்கும் கொடுத்தார். வார்டு வேலைக்கு நடுவே வந்து வந்து போன வேல்விழி, சாப்பாட்டு நேரத்திலும் குடையைப் பிடித்தபடி தூரத்தில் நின்றாள். அவளுடைய கோபம் எப்போதோ போய்விட்டிருந்தது.

வெயில் சாயத் தொடங்கியபோது துணியைப் புறங்கையால் தொட்டார். சுற்றியிருந்த தோல் கொதித்தது. துணி மட்டும் ஜில்லென்று இருந்தது. அவிழ்த்துப் பார்த்தார். தோலில் லேசாகச் சாம்பல் கறை. வேறொன்றும் இல்லை. சுவரைப் பிடித்து எழுந்தார்.

"வாங்க தாயி. ஊத்திருவோம்."

அதற்குள் மாரிசெல்விக்குப் புதுத் துணி கட்டியாகிவிட்டது. கட்டில் அருகே நின்றதும் சங்கையாவுக்குக் கை ஓடவில்லை. மனசு தெளிந்துவிட்டது, கைதான் கேட்கவில்லை. பவுடரில் ஈரம் படக் கூடாது என்ற அவர் பேச்சையே இத்தனை வருஷம் கேட்ட கை அது. மற்ற கட்டில்களுக்கும் மாரிசெல்விக்கும் நடுவில் தன் உடம்பு மறைப்பாக இருக்கும்படி திரும்பி நின்றுகொண்டார். அதை வேல்விழி கவனித்தாள். பற்றிக்கொண்டால் தன்னோடு போகட்டும் என்று நிற்கிறார்.

"ஏ மாரி, தண்ணி விடப் போறேன்."

மாரிசெல்வி கண்ணைத் திறந்து சிரிஞ்சைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள். கையை அசைக்கவில்லை. அவர் தண்ணீரை விட்டார்.

"சுருக்குன்னுது" என்றாள்.

சங்கையாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. கன்னத்தையே கட்டின் மேல் வைத்துவிட்டார். குளிர்ச்சியாக இருந்தது. "முதல்ல கொஞ்சம் சுருக்குன்னுதான் இருக்கும் அண்ணே, பயப்படாதீக" என்று வேல்விழி பின்னாலிருந்து சொன்னாள்.

அதற்குப் பிறகு அந்தக் கட்டுக்குச் சங்கையா செய்த பணிவிடையைப் பார்த்திருக்க வேண்டும். மருந்தில் ஈரம் எவ்வளவு இருக்கிறது என்று வாழ்நாள் பூராவும் கவனித்தவருக்கு, ஒரு துணியை ஈரமாக வைத்திருப்பதா பெரிய காரியம்? சொட்டவும் விடமாட்டார், காயவும் விடமாட்டார். விரலிடுக்கில் ஒரு துளி, மணிக்கட்டு மடிப்பில் ஒரு துளி என்று தேடித் தேடி விட்டார். விசிறியைத் தூக்கிப் பக்கத்துக் கட்டிலுக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார். இந்த வார்டில் இவ்வளவு சீராக ஈரம் நிற்கிற கட்டை நான் பார்த்ததில்லை என்று வேல்விழி மற்ற நர்ஸ்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். சங்கையா பெருமைப்படவில்லை. பேனாக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பு கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறதா, தாண்டிவிட்டதா என்று பார்ப்பதும், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்ப்பதுமாக அவருக்குப் பொழுது போனது.

திங்கட்கிழமை காலை டாக்டர் கீர்த்திகா கட்டைப் பிரித்தார். சங்கையா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். வாடை வரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவர், எவ்வளவு நேரம்தான் பிடிப்பது, விட்டு இழுத்தார். ஆஸ்பத்திரி பினாயில் நெடிதான் அடித்தது. திரும்பிப் பார்த்தார். பச்சை இல்லை. கோட்டிலிருந்து சிவப்பு கீழே இறங்கியிருந்தது. புண்ணில் இளஞ்சிவப்பாகப் புதுச் சதை தலைகாட்டியிருந்தது.

"கையை எடுக்க வேண்டாம்" என்றார் டாக்டர். "இன்னும் சில தடவை இந்தக் கட்டுப் போடணும். பிறகு தொடையிலேர்ந்து தோல் எடுத்து வெச்சுத் தைப்போம். சுண்டுவிரல் கொஞ்சம் மடங்கினாப்பலயே இருக்கலாம். மத்தபடி இது அவங்க கை, அவங்ககிட்டயே இருக்கும்."

சங்கையா வராந்தாவுக்குப் போய்த் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். வேல்விழி போய்க் கூட்டிக்கொண்டு வர வேண்டியிருந்தது.

காய்ச்சல் விட்டு மாரிசெல்விக்குப் பேச்சுத் திரும்பியதும் அவர் செய்த முதல் காரியம், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து உள்ளதைச் சொன்னதுதான்.

"மாரி, முதல் கட்டுக்கு நான் தண்ணியே விடல. எல்லாத்தையும் செடிக்கு ஊத்திட்டேன். உன் கை போகப் பாத்தது என்னாலதான்."

"தெரியுமே" என்றாள் மாரிசெல்வி.

"தெரியுமா?"

"காய்ச்சல்ல கண்ணுதான் மூடிக் கெடந்துச்சு, காது மூடல. நர்சம்மா சொன்னதெல்லாம் கேட்டுச்சு. நீங்க ஜன்னலுக்குப் போனதும் தெரியும். நானும் அதே கம்பெனிச் சோறு தின்னவதான? பவுடர்ல தண்ணி ஊத்தச் சொல்லுதாளே பாவின்னு பயந்து கெடந்தேன். நீங்க ஊத்தாம இருந்ததுதான் எனக்கு நிம்மதி."

சங்கையா திகைத்துப்போனார். "அப்புறம் ஊத்துறப்போ ஏன் சும்மா இருந்த? வெளிய போயி என் கையில ஊத்திப் பாத்துட்டு வந்தேன்னு நர்சம்மா சொன்னாகளா?"

"ஊத்திப் பாத்தீகளா? எனக்கென்ன தெரியும்? கட்டுப் பிரிச்ச வலியில அப்ப மயங்கிக் கெடந்தேன். யாரும் சொல்லல."

"தெரியாமத்தான் கையை அசைக்காமக் கெடந்தியா? பத்திக்கிடும்னு பயமா இல்ல?"

மாரிசெல்வி அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஊரார் சிரிக்கும்போது வண்டியிலிருந்து அவர்களைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை இல்லை இது. இதைச் சங்கையா அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"வேற யாரு ஊத்தியிருந்தாலும் கையை இழுத்திருப்பேன்" என்றாள். "ஊத்துனது நீங்கதான?"